முன்வரிசையில் இருந்த அன்ரி

எங்களை வேலைக்கு ஏற்றிச்சென்ற வேனின் முன்வரிசை எப்போதும் வெறுமையாகவே இருக்கும். ஒருவரும் இருந்து பழகாத அந்தச் சாம்பல்நிற மெத்தை இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய மல்வேர்னில் காலையில் ஏறும் ஏழு பேரும் தமிழ்ப் பெண்கள். எங்களை யாரும் பின்னால் போகச் சொல்லவில்லை. ஊர் பஸ்ஸில் முன்சீற் மதகுருமாருக்கு என்று எழுதியிருக்கும். அந்தப் பழக்கத்தில், குருமார் ஒருவரும் ஏறாத வேனிலும் அதை விட்டுவைத்தோம், விசரிகள். கொஞ்ச நாளில் சாரதி அதையே சட்டமாக்கிவிட்டான். முன்வரிசை அலுவலகத்தாருக்கு, நாங்கள் பின்னால். இன்று என் மகள் பஸ்ஸில் முன்சீற்றில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறாள். இருக்கட்டும்.

பனி கொட்டிய ஒரு மாரியில் அன்ரி எங்கள் சலவைத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தார். அமெரிக்காவின் தெற்கில் பிறந்த கறுப்பினப் பெண், அறுபது வயதிருக்கும், அதனால் அன்ரி என்றே கூப்பிட்டோம். முதல்நாளே ஏறி முன்வரிசையில் இருந்தார். சாரதி பின்பக்கம் கையைக் காட்டினான். போகமாட்டேன் என்றார். அப்படியென்றால் இறங்கு என்றான். இறங்கிப் பனிக்குள் நடந்தார். வேன் அவரைக் கடந்தபோது நான் வெளியே பார்க்கவில்லை. கொழும்பில் நின்ற என் கணவரை இங்கே கூப்பிட வேலைக் கடிதம் வேண்டும். வேலை போனால் அவரும் வரமுடியாது. காரணம் நல்ல காரணம்தான். வெட்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

மதியம் சாப்பிடும்போது அன்ரி தன் அப்பப்பாவைப் பற்றிச் சொன்னார். அவருடைய நகரத்து ட்ராம் வண்டியில் கறுப்பர்கள் பின்னால்தான் இருக்கவேண்டும் என்று சட்டம் வந்ததாம். அவர்கள் ஏறுவதையே விட்டுவிட்டார்கள். மாதக்கணக்கில் நடந்தார்கள். குதிரைவண்டி வைத்திருந்தவர்கள் நடக்க ஏலாதவர்களை ஏற்றிப்போனார்கள். வென்றார்களா என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இல்லை. சட்டம் அப்பிடியேதான் கிடந்தது. ஆனால் அப்பப்பா சாகுமட்டும் அதில ஏறேல்லை."

அடுத்தநாளும் அன்ரி முன்னால் இருந்தார், இறக்கப்பட்டார். நானும் எழும்பினேன். பக்கத்தில் இருந்த, எங்கள் ஏழு பேரில் மூத்த அக்கா என் கையைப் பிடித்தா.

"உமக்கென்ன விசரே? வேலை போகப்போகுது."

"போனாப் போகட்டும் அக்கா. நாங்கள் பழக்கிவிட்ட பழக்கத்துக்கு அந்த மனுசி ஏன் நடக்கோணும்?"

அக்கா என்னைத் திட்டிக்கொண்டே பின்னால் இறங்கினா. பிறகு மற்றவர்களும் இறங்கினார்கள். ஐம்பது நிமிட நடை. கால் விறைத்தது, மனதில் கோபம் மட்டும் சூடாக இருந்தது. நாங்கள் போய்ச் சேருமட்டும் இயந்திரங்கள் ஆளில்லாமல் நின்றன. யார் தொடக்கியது என்று மேற்பார்வையாளர் கேட்டபோது, நாளைக்கும் நடந்துதான் வருவோம் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மறுநாளும் நடந்தோம்.

நான்காம் நாள் சாரதி கதவைத் திறந்து, விரும்பின இடத்தில் இருங்கள் என்று முணுமுணுத்தான். காது கேட்கவில்லை என்றார் அன்ரி. அவன் உரக்கச் சொன்னான். அதன்பிறகு ஏறினார். ஏறி, முன்வரிசையைத் தாண்டி, கடைசி வரிசைக்குப் போய் மூலையில் சாய்ந்துகொண்டார். எனக்கு வந்ததே கோபம். இதற்காகவா நடந்தோம்?

"அன்ரி, முன்னுக்கு வந்து இருங்கோவன்."

"அங்க கதவுக் குளிர் அடிக்கும், பிள்ளை. எனக்கு எப்பவும் பின்னுக்குத்தான் விருப்பம்," என்று கண்ணை மூடிக்கொண்டார்.