கிராணிக்குப் பின்னால் நின்றவர்

இருபது வருடமாக மாமனார் வீட்டில் நான், ரப்பர் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதிய கிராணியின் கொள்ளுப்பேரன் என்று பெருமையடித்து வருகிறேன்.

அதற்கு ஆதாரம் தேடி இன்று மலேசியாவின் கோலா குபு பாரு நூலகத்துக்குப் போனேன். கெர்லிங் பக்கத்துத் தோட்டக் கோயிலின் பழைய விழா மலரில் ஒரு படம் கிடைத்தது. நாற்காலியில் கோட்டுப் போட்ட கிராணி.

“எங்க கொள்ளுத்தாத்தா. மூக்கைப் பாருங்க” என்று அவர் பெயரையும் சொல்லி நூலகப் பெண்ணிடம் காட்டினேன்.

அவர் படத்துக்குக் கீழே இருந்த பெயர்களைப் படித்தார்.

“நாற்காலியில இருக்கிறவரு எங்க கொள்ளுத்தாத்தா லா, அண்ணே. நீங்க சொன்ன பேரு, பின்னால குடை பிடிச்சிக்கிட்டு நிக்கிறவருக்குல்ல போட்டிருக்கு.”

உற்றுப் பார்த்தேன். என் மூக்கு அவரிடம்தான் இருந்தது.

நூலகம் மூடும் நேரத்தில் நல்ல மழை. அந்தப் பெண்ணிடம் குடை இல்லை. அவருடைய கார் வரைக்கும் நான்தான் என் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

கை வலிக்கவே இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு கிராணி இருந்தால், படத்தில் பின்னால் நிற்பவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.