வாசலுக்கு வந்த தொட்டி

செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்குக் குப்பைத்தொட்டி வந்தது ஐம்பதுகளின் நடுவில். அதுவரை எங்களிடம் குப்பை என்றே ஒன்று இருந்ததாக நினைவில்லை. சாம்பல் பாத்திரம் தேய்க்கப் போகும், காய்த்தோல் மாட்டுக்குப் போகும், மிச்சம் கொல்லைக் குழிக்குப் போகும். தொட்டி வந்த பிறகுதான் ஜனங்களுக்குக் குப்பை ஊறத் தொடங்கியது. கிழிந்த பாய், கம்பி போன குடை, அறுந்த செருப்பு என்று பரண்களிலிருந்து இறங்கி வந்தன.

தொட்டி எல்லாருக்கும் வேண்டும், தன் வாசலில் மட்டும் வேண்டாம். அப்பா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தெருவே கூடி முனிசிபாலிட்டி ஆட்களுக்கு எங்கள் வாசலைக் கைகாட்டிவிட்டது. கிணற்றுக்கு இறக்குவார்களே, அந்த மாதிரி ஒரு சிமெண்டு உறை.

அப்போதுதான் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமல்லபுரத்துப் பக்கத்துப் பையன், தபால் ஆபீசில் வேலை. போட்டோவில் காது இரண்டும் விடைத்துக்கொண்டு நின்றன. எனக்கு அந்தக் காதுகளை ரொம்பப் பிடித்துவிட்டது. யாரும் கேட்காததால் சொல்லவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் குப்பையைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று நினைத்து நினைத்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை, எனக்கும்தான்.

அம்மா ஒரு காரியம் செய்தாள். தொட்டியைக் காலி செய்து, மண் நிரப்பி, காவியும் சுண்ணாம்பும் பட்டை பட்டையாக அடித்து, நடுவில் துளசியை நட்டுவிட்டாள். இனி யார் கொட்டுகிறார்கள் பார்க்கலாம் என்றாள். மறுநாளிலிருந்து எல்லாரும் முன்பக்கம் நின்று பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு, பின்பக்கம் போய்க் கொட்டினார்கள்.

பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா வாசலிலேயே நின்று, தெருவுக்கே துளசி மாடம் வைத்திருக்கிறீர்களே என்று உருகிப்போனாள். உள்ளே வாருங்கள் என்று அப்பா கெஞ்சக் கெஞ்ச, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டாள். பின்பக்கம் போனவளைக் கொஞ்ச நேரம் காணோம். வந்தபோது கையில் ஒரு முறம் இருந்தது.

"நல்ல மொறம். ஓரம்தான் கொஞ்சம் பிஞ்சி கீது. இதப் போய்த் தூக்கிப் போட்டுக்கினு கீற வூட்ல பொண்ணெடுத்தா எங்க குடித்தனம் இன்னா ஆவறது?"

முறத்துக்கு உரியவள் எதிர் வீட்டு வாசலில் நின்று சுவாரசியமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

காபித் தட்டோடு நடையில் நின்றிருந்த எனக்கு வந்த கோபத்தில் பட்டுப்புடவை, குனிந்த தலை எல்லாம் மறந்துபோயிற்று. தட்டை அப்பா கையில் திணித்துவிட்டுத் தெருவில் இறங்கினேன். முறத்தைப் பிடுங்கி எதிர் வீட்டில் வைத்தேன். குடையைக் கோடி வீட்டில் சாத்தினேன். செருப்பைப் பக்கத்து வீட்டுக் கோலத்தின் மேலேயே போட்டேன். எது யார் வீட்டுக் குப்பை என்று எனக்குத் தெரியாதா? "உங்க வூட்டுது, உள்ள எடுத்து வெச்சிக்குங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன்.

திரும்பி வந்தபோது கையெல்லாம் அழுக்கு. அம்மா முகத்தில் ஈயாடவில்லை. போயிற்று, அந்தக் காதும் போயிற்று என்று எனக்கு அழுகை முட்டியது.

பையனின் அம்மா என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"முகூர்த்தத்தச் சட்டுனு பாருங்க, வாத்தியாரே. எங்க தெருவுக்கும் தொட்டி வருதாம். எங்க வூட்டு வாசல்லதான் வெக்கப் போறாங்களாம்."