குறுக்கே கிடந்த என் மகள்

நிறைமாதத்திலும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். லீவு போட மனமில்லாமல் கடைசி இரண்டு கர்ப்பப் பரிசோதனைகளைத் தவிர்த்துவிட்டேன். ஒரு மதியம் வேலையிடத்திலேயே வலி வந்தது. வீட்டுக்குக் கிளம்பினேன். உடன் வேலை செய்யும் சரசக்கா என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"கொழந்த குறுக்க கெடக்குதாட்டத் தெரியுது. ஊட்டுக்குப் போவேண்டாங் கண்ணு, ஆசுபத்திரிக்குப் போலாம்" என்று கம்பெனி வேனில் என்னை ஏற்றினார்.

அங்கே போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் கை வெளியே வந்திருந்தது. டாக்டரம்மா உடனே ஆபரேஷன் செய்து எங்கள் இருவரையும் காப்பாற்றினார்.

தன் தலைச்சன் பிள்ளை இப்படிக் குறுக்கே கிடந்துதான் இறந்தது என்று சரசக்கா அதன்பிறகுதான் சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது எங்கள் கம்பெனியில் யார் கர்ப்பமானாலும் பரிசோதனை நாளைக் கேட்டு வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அவர்கள் வேலையையும் சேர்த்து நானே பார்க்கிறேன்.