தாமோதரன் குரல் கொடுத்த போர்

நகரியிலிருந்து பட்டாளத்துக்குப் போன தாமோதரன் ஹவில்தாராகத் திரும்பினார். கூடப் போன அதே தெரு வேணு சவப்பெட்டியில் திரும்பினான். பதினோரு வருஷமாக வேணுவின் திதியன்று அவன் மனைவி வள்ளி தாமோதரனுக்குத்தான் முதல் இலை போடுவாள். போட்டுவிட்டு, "எப்டிண்ணா போனாரு?" என்று கேட்பாள்.

"ஒரே குண்டும்மா. வலியே தெரில."

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தறிக்கொட்டகையில் கால்கடுக்க நின்று இரண்டு பெண்களைக் கரையேற்றினாள். பொய்தான். மெய்யை எவன் சொல்லுவான்?

ஓய்வுக்குப் பிறகு தாமோதரன் திருப்பதியில் ஒரு மாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேன் ஆனார். மேலே வீடியோ கேம் செய்யும் கம்பெனி. அதை நடத்திய அஷ்வின், சென்னைக்காரன், அவர் எந்த எல்லையில் நின்றவர் என்று தெரிந்ததும் குதித்துவிட்டான். அந்தச் சண்டையைத்தான் அவர்கள் விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தார்கள். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி கேட்டான். அதுவரை அப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. மனுஷன் உருகிப்போய், வயிற்றில் குண்டு பட்டு வேணு நாற்பது நிமிஷம் கிடந்து கூப்பிட்டது வரை கொட்டித் தீர்த்தார்.

"அந்தக் குரல் வேணும்ணா. உங்க ஊர்ப் பேச்சு எங்க யாருக்கும் வராது, நீங்களே பேசிடுங்க. கேக்கறவனுக்குப் போர்னாலே வெறுத்துப் போகணும்."

தாமோதரன் மைக் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு வேணுவாகக் கூப்பிட்டார். முடித்ததும் வெளியே போய் வாந்தி எடுத்தார். அதற்கப்புறமாவது புத்தி வர வேண்டாமா?

ஆட்டத்தின் தொடக்கத்தில் வேணு பெயரைப் போடுவதாகச் சொன்னார்கள். வள்ளி அதைப் பார்க்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. கல்லூரி ஒன்றில் கண்காட்சி வைத்தபோது, "அந்த அழுகை வருமா?" என்று கேட்டுக்கொண்டார்.

"எதிரி பக்கம் ஆடினாத்தான்ணா வரும். இன்னைக்கு நம்ம பக்கம்தான்."

எதிரியாகவும் ஆடலாம் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். சினிமா மாதிரி என்று நினைத்திருந்தார், பாவம். இருந்தும் வள்ளியைப் பஸ் ஏறி வரச் சொல்லிவிட்டார்.

திரையில் பெயர் வந்தது. வள்ளி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தாமோதரனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அதற்குள் மாணவர் கும்பல் ஒன்று உட்கார்ந்து, அஷ்வின் தடுக்குமுன் எதிரி பக்கத்துக்கு மாற்றிவிட்டது. நாலு தடவை சுட்டார்கள். ஒரு சிப்பாய் விழுந்தான்.

"தாமு, இங்கதானடா கீற? தண்ணி குட்றா. வாடா தாமு…"

ஒலிபெருக்கியில் தாமோதரன் குரல். வள்ளி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். நிற்காமல் அழைத்துக்கொண்டே இருந்தது அது. பையன் ஒருவன் எரிச்சலாகி, வாயை மூடச் சொல்லித் தெலுங்கில் கத்திக்கொண்டே சிப்பாயின் தலையில் சுட்டான். சத்தம் நின்றது. எல்லாரும் சிரித்தார்கள். அஷ்வின் ஓடிப்போய் திரையை அணைத்தான்.

வெளியே வேப்பமரத்தடியில் வள்ளி கேட்டாள்.

"எத்தினி நேரம்ணா கூப்புட்டாரு?"

"நாப்பது நிமிஷம்."

"நீ எங்க இருந்த?"

"பாறை பின்னால. இருபது அடி. தலைய தூக்க முடிலம்மா. சத்தியமா முடில."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பார்.

"உள்ள அந்தப் புள்ள சுட்டுச்சே," என்றாள் வள்ளி. "அந்த மாதிரி அன்னிக்கும் எவனாச்சும் சுட்டிருந்தா, சீக்கிரம் போயிருப்பாருல்ல?"

நகரி பஸ் வந்தது, அவள் ஏறிப் போனாள். அந்த வருஷத் திதிக்கு வள்ளி சொல்லி அனுப்பவில்லை.