கிரில் அடுப்பில் ஸ்பிரிட் ஊற்றியவன்

1. திரும்பி வந்த கோழி

ராஜபாளையத்தில் நான் கிரில் அடுப்பில் நின்ற முதல் நாளே ஒரு முழுக் கோழி திரும்பி வந்தது. சர்வர் தட்டை என் முன்னால் டொக்கென்று வைத்தான். பின்னாலேயே முதலாளி வந்தார்.

"ஏலே மைதீன், கோழியச் சுட்டியா, அரிக்கேன் லைட்டச் சுட்டியா? மோந்து பாருலே!"

மோந்து பார்த்தேன். சீமெண்ணெய்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். அதுவரை நான் பரோட்டா மாஸ்டர். எங்கள் ஓட்டலில் அப்போதுதான் கரி கிரில் போட்டார்கள். பேரலை நெடுக்கில் அறுத்து, கால் வைத்து, மேலே கம்பிவலை போட்டு, வெல்டிங் பட்டறையில் செய்தது. கரி சீமைக்கருவேலங் கரி. பிடித்துவிட்டால் நின்று எரியும். பிடிக்க வைப்பதற்குள் உயிர் போய்விடும்.

சீமெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்ததில் வாடை கறியில் இறங்கிவிட்டது. மில் வேஸ்ட் பஞ்சை வாங்கிவந்து வைத்தேன். அது மெஷின் ஆயில் குடித்த பஞ்சு. கரும்புகை கிளம்பி கோழியெல்லாம் கறுத்தது. சைக்கிள் டயர்கூட வைத்துப் பார்த்தேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

சரியாகச் செய்தவள் செல்லத்தாய் ஒருத்திதான். செட்டியார்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். கோழி கழுவி மசாலா தடவுவதும், அடுப்புக்கு விசிறுவதும் அவள் வேலை. தென்னம் பன்னாடையைப் பரப்பி, மேலே தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, அதைச் சுற்றிக் கரியைக் கூம்பாக அடுக்குவாள். ஒரு தீக்குச்சி போதும். வாடை கிடையாது. ஆனால் கரி மேல் சாம்பல் பூக்க முக்கால் மணி நேரம் ஆகும்.

"எம்புட்டு நேரம் காத்துக்கிடக்கிறது?" என்று கத்துவேன்.

"செத்த நேரம் பொறுங்கண்ணே. கோழியே பேசாமத்தான் கெடக்கு" என்பாள்.

எனக்குப் பொறுமை இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

2. வாடை இல்லாத சரக்கு

எங்கள் கடைக்குச் சாப்பிட வரும் மர பாலிஷ்காரர் ஒருவர்தான் சொன்னார். "பாலிசுக்குக் கலக்குற ஸ்பிரிட்டு ஊத்திப் பாரும். எரிஞ்சு முடிஞ்சா வாடையே நிக்காது."

ஊற்றினேன். அடுப்பு இருந்த உள்கட்டு இருட்டாக இருக்கும். அங்கே நீல நிறத்தில் தீ அழகாகத் தெரிந்தது. புகை இல்லை, வாடை இல்லை, பாதி நேரத்தில் கரி பிடித்தது. முதலாளி முதுகில் தட்டினார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. சிரட்டையை எல்லாம் ஒதுக்கச் சொன்னேன்.

செல்லத்தாய்க்கு மட்டும் பிடிக்கவில்லை. "எரியுற சத்தமும் இல்ல, பொகையும் இல்ல. பூனை மாதிரில்ல எரியுது. எனக்குப் பயமா இருக்குண்ணே."

"நீ கோழி கழுவ வந்தியா, சோசியம் பாக்க வந்தியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

3. மாந்தோப்பு

வத்திராயிருப்பு தாண்டி, பிளவக்கல் அணைப் பக்கம் ஒரு மாந்தோப்பு. ஒரு பெரிய மனிதர் வீட்டு ஆட்கள் முப்பது பேர் அங்கே பிக்னிக் வந்திருந்தார்கள். அங்கேயே கோழி சுட்டுத் தர வேண்டும் என்று ஆர்டர். நானும் செல்லத்தாயும் போனோம். முதலாளியும் வந்தார்.

அடுப்பை மரத்தடியில் வைக்க விடவில்லை. புகை வருமாம். வெட்டவெளியில் வைத்தேன். உச்சி வெயில். பெரிய மனிதர் இரண்டு தடவை வந்து கேட்டார்: "என்ன பாய், இன்னைக்குள்ள ஆகுமா?"

கரியில் ஸ்பிரிட்டை ஊற்றிக் குச்சி போட்டேன். பக்கென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றையும் காணோம். ஸ்பிரிட் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. நான் இருட்டில் மட்டுமே கொளுத்திப் பழகியவன். அணைந்துவிட்டது என்று நினைத்தேன்.

செல்லத்தாய் எதிர்ப்பக்கம் விசிறியோடு குனிந்திருந்தாள். "அண்ணே, அணையல போலிருக்கு. மூஞ்சியில அனல் அடிக்கி."

"வெயிலு அடிக்கி. நீ வீசு" என்று சொல்லிவிட்டு, ஸ்பிரிட் கேனை மறுபடியும் சாய்த்தேன்.

தீ, ஊற்றிய வழியாகவே மேலே ஏறி வந்து கேன் வாயைப் பிடித்தது. கையில் பட்டதும் கேனை விசிறி எறிந்தேன். எந்தப் பக்கம் எறிகிறோம் என்று பார்க்கவில்லை. அது அவள் மேல் போய் விழுந்தது. நைலான் சேலை.

சாக்கைப் போட்டுப் புரட்டி அணைத்தோம். கழுத்து, மார்பு, வலது கை எல்லாம் வெந்துவிட்டது. முப்பது பேரும் பார்த்தார்கள். வேன் ஏறிப் போய்விட்டார்கள்.

4. இரண்டு நாள்

ஆஸ்பத்திரிக்குப் போகும் காரிலேயே முதலாளி சொன்னார்: "வீட்டுல ஸ்டவ்வு வெடிச்சிருச்சுன்னு சொல்லணும். கடைப் பேரு வந்தா கடையை மூடணும். வைத்தியம் பூரா என் பொறுப்பு. மைதீன், நீயும் உள்ள போகணுமாலே?"

நான் என் கைக் கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தேன். செல்லத்தாய் வலியில் முனகிக்கொண்டே சரி என்று தலையாட்டினாள். டாக்டரிடமும் அப்படியே சொன்னாள்.

இந்த இடத்தை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்தில் வெந்துபோன பெண் ஒருத்தி ஸ்டவ் வெடித்தது என்று சொன்னால், புருஷன் கொளுத்தியிருக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நினைக்கக் காரணமும் இருந்தது. அத்தனை வீடுகளில் அது நடந்தது. நானே டீக்கடையில் உட்கார்ந்து அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனாலும் அந்தக் காரில் எனக்கு இது உறைக்கவில்லை. என் கைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அவள் புருஷன் முருகேசன் மில்லில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். அன்று சாயங்கால ஷிப்டுக்கு வந்தவனைப் போலீஸ் மில் கேட்டில் வைத்துப் பிடித்துப் போனது. விஷயம் தெரிந்ததும் செல்லத்தாய் கட்டிலில் கிடந்தபடி உண்மையைக் கத்திச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. "புருஷனக் காப்பாத்த இப்ப மாத்திச் சொல்லுதா" என்றார்கள்.

மறுநாள் நான் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தூக்க முயன்றாள்.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்ருவாக. அவரு அடி தாங்க மாட்டாருண்ணே."

"வாரேன் தாயி, இன்னைக்கே போறேன்" என்றேன்.

போகவில்லை. ஸ்டேஷன் எதிரே உள்ள டீக்கடை வரை போய், இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். முதலாளி பேசி முடித்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு இரண்டு பிள்ளைகள் என்றும் சொல்லிக்கொண்டேன். முருகேசனுக்கும் இரண்டு பிள்ளைகள்தான்.

அதற்கு அடுத்த நாள் காலையில் போனேன். கருகிய கேனை மேசை மேல் வைத்து, ஊற்றியது நான், எறிந்தது நான் என்று சொன்னேன். ஏட்டு என் கைக் கொப்புளத்தைப் பார்த்தார்.

"இதை ரெண்டு நாளா எங்கலே ஒளிச்சு வச்சிருந்த?"

என் மேல் கேஸ் போட்டார்கள். அபராதத்தோடு முடிந்தது. வேலையும் போனது. முருகேசனை விட்டுவிட்டார்கள்.

5. கேட்பவர்களுக்கு

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மகன் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கரி பற்றவைக்க எது நல்லது என்று புதிதாக கிரில் போடும் பையன்கள் கேட்க வருகிறார்கள். சிரட்டையும் பன்னாடையும்தான் நல்லது. முக்கால் மணி நேரம் முன்னால் வேலையைத் தொடங்கு. பற்றவைத்த கரி மேல், தீ தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், எண்ணெயோ ஸ்பிரிட்டோ எதையும் ஊற்றாதே. அவசரப்படுத்துகிறவன் பசியோடு இருக்கட்டும், செத்துவிட மாட்டான்.

இவ்வளவுதான் தொழில். மீதியை அவர்கள் கேட்பதில்லை. நான்தான் சொல்கிறேன்.

செல்லத்தாய் பிழைத்தாள். வலது கையில் மூன்று விரல்கள் ஒட்டிக்கொண்டன. நான்கைந்து மாதம் கழித்து, மன்னிப்புக் கேட்க செட்டியார்பட்டிக்குப் போனேன். அவள் உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. முருகேசன் வாசலில் உட்கார்ந்து சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்று, பஸ்ஸில் வரும்போது மனதில் ஒத்திகை பார்த்த அத்தனையையும் சொன்னேன். அவன் தலை நிமிரவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் என் நிழலைப் பார்த்துத் திரும்பினான்.

"இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க பாய். ஸ்டேஷன்ல அறைஞ்சதுல இருந்து அந்தக் காது கேக்காது."

முதல் நாள் அடித்ததிலா, இரண்டாம் நாள் அடித்ததிலா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.