வரும்போது பதினாலரை, போகும்போது ஆறு

வியாழன், பகல் மூன்று மணி. பன்னிரண்டுக்குக் கிளம்ப வேண்டிய விமானம் ஒருவழியாக லண்டனை விட்டு எழும்பியது. சென்னைக்கு ஏறத்தாழ எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர், பத்து மணி நேரம். மறுநாள் காலை ஏழரையிலிருந்து எட்டரைக்குள் வாலாஜாபாத்தை அடுத்த ஐயம்பேட்டையில் என் தம்பி குமரனுக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டால் மற்ற இரண்டையும் அவன் அக்காதான் போடவேண்டும். அவனுக்கு அக்கா நான் ஒருத்திதான். எதிரே திரையில் குட்டி விமானம் கருங்கடல் மேல் நகரவே மாட்டேன் என்றது. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

வெள்ளி, காலை ஐந்தரை. சென்னையில் இறங்கி போனைத் திறந்ததும் அம்மா.

"எங்கமா வந்துக்கினு இருக்கே? நேத்து மத்தியானம் ஏறினவ! போறப்போ மட்டும் ஆறு மணி நேரத்துல போயிடுறே!"

போவதும் பத்துப் பதினோரு மணி நேரம்தான். காலை ஐந்துக்குச் சென்னையில் ஏறினால் பதினொன்றுக்கு லண்டனில் இறங்குவேன். அந்த ஊர்க் கடிகாரம் நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது; போகும்போது அது கழியும், வரும்போது கூடும். இருபது தடவை சொல்லியாயிற்று, காதில் ஏறினால்தானே!

"போனை வைமா!" என்று கத்தினேன்.

ஆறரைக்கு டாக்சி. இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். ஒரகடத்தில் கம்பெனி பஸ்கள் வழியை அடைத்தன. வாலாஜாபாத்தில் கல் லாரிகள் வரிசையாக நின்றன. மணி எட்டேகால்.

"அவ்ளோதான்மா, இன்னும் அரை மணி ஆவும்," என்றார் டிரைவர், சாவகாசமாக.

இறங்கி, பையோடு லாரிகளைத் தாண்டி ஓடினேன். அந்தப் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ. இருபது ரூபாய். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே இருந்த பூக்கார அம்மா டிரைவரின் தோளைத் தட்டினார்.

"எங்கயும் நிறுத்தாதேபா! நாத்தனார் முடிச்சு போடணுமாம்!"

மண்டப வாசலில் இறங்கும்போது கெட்டிமேளம் அடித்து ஓய்ந்திருந்தது. குமரன் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, கயிற்றின் இரு நுனியையும் விடாமல் பிடித்திருந்தான். புரோகிதர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். சித்தி மகள் எனக்குப் பதிலாக முடிச்சுப் போடப் பின்னால் தயாராக நின்றிருந்தாள்.

"எங்க அக்கா வந்துக்கினு இருக்குது, சாமி," என்றான் அவன்.

கூட்டத்தை இடித்துத் தள்ளி மேடையேறினேன். இரண்டு முடிச்சும் போட்டேன். மணப்பெண் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். விமானத்தில் மாட்டிய தலையணை இன்னும் என் கழுத்தில் இருந்தது. எல்லாப் படத்திலும் அது இருக்கிறது.

புதன் விடியற்காலை விமான நிலையம். வாசலில் அம்மா என் கையை விடவில்லை. இந்த ஐந்து நாளும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"ஆறே மணி நேரத்துல போயிடுவே, இல்ல?" என்றாள்.

இருபது தடவை விளக்கிச் சொன்னவள் நான்.

"அடுத்த வாட்டி மெதுவாப் போறேம்மா," என்றேன்.