முடிச்சுப் போட வேண்டியவள்

விரிசல் விட்ட கைபேசித் திரையில் ஒரு பள்ளிக்கூடப் பெண் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு பையனும் ஒரு பெண்ணும் முகம் சிவந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து நின்றார்கள். வந்தவள் துடைப்பம் எங்கே என்று ஜப்பான் மொழியில் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். நாகப்பட்டினம் போகும் பேருந்தில் என் தோளில் சாய்ந்து அதைக் காட்டியவள், அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிச் சிரித்தாள். அப்போது அவள் எனக்குப் பேருந்துத் தோழி. பிற்பாடு என் நாத்தனார் ஆனாள்.

அது ஒரு காதல் தொடர். முதலில் படக்கதைப் புத்தகமாக வந்து, பிறகு கார்ட்டூனாக எடுத்தார்களாம். கல்லூரியில் எல்லோரும் நாயகனைப் பற்றிப் பேசினால் இவள் மட்டும் அந்தத் துடைப்பக்காரியைப் பற்றியே பேசுவாள். அந்தப் பெண்ணுக்கு இருந்த வேலையே தப்பான நேரத்தில் கதவைத் திறப்பதுதான். பெயரைக்கூட யாரும் சரியாகச் சொல்வதில்லை. "இவளுக்கு வீடு எதுன்னே காட்டல பாருங்கக்கா. கதவ சாத்திட்டு எங்க போவா?" என்று ஒருநாள் கேட்டாள். வரைந்த படத்துக்கு வீடு ஏது என்று நான் சிரித்தேன். கீழ்வேளூர் வரும்வரை என்னோடு பேசவில்லை.

அவளுடைய அண்ணனும் அதே பேருந்தில்தான் வேலைக்குப் போவார். அவர் என்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று தவித்ததும், நான் அதைக் கேட்கத் தவித்ததும் நடத்துநருக்கே தெரியும். அண்ணன் வாயெடுக்கும் நேரம் பார்த்து இவள் நடுவில் புகுந்து, ஆட்டுக்குட்டிக்குத் தழை போட்டாயா என்று கேட்பாள். வேண்டுமென்றே செய்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத பிறவி அவள். சோறுகூட நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். அவள் பக்கத்தில் இருந்தால் நமக்கும் கால் பரபரக்கும்.

அவள் தாத்தா பண்ணையில் கூலிக்கு உழுதவர். போராடி வாங்கிய சொற்ப நிலம்தான் அந்தக் குடும்பத்தின் சொத்து, கௌரவம், எல்லாம். படித்து முடித்து, எனக்கும் அவள் அண்ணனுக்கும் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயத்தில்தான் வயல்களுக்குள்ளே எரிவாயுக் குழாய் பதிக்கிறோம் என்று கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பயிர் நிற்கும்போதே இயந்திரத்தை இறக்கினார்கள். ஊரே மறித்து வரப்பில் உட்கார்ந்தது. பட்டதாரி என்பதால் மனு எழுதுவது, அதிகாரிகளிடம் பேசுவது எல்லாம் அவள் தலையில் விழுந்தது.

ஆனால் அவளுக்கு ஜப்பானுக்குப் போக வேண்டும். அங்கே முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தஞ்சாவூரில் மொழி வகுப்பில் சேர்ந்திருந்தாள். பாஸ்போர்ட்டுக்கும் எழுதிப் போட்டிருந்தாள். போலீஸ் வழக்கில் பெயர் ஏறினால் பாஸ்போர்ட் கிடைப்பது பாடு என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு, போராட்டத்தில் பின்வரிசையில்தான் நிற்பாள். நிற்க முடியாமல் நிற்பாள்.

எங்கள் கல்யாணத்தன்று விடியும்போதே பக்கத்து வயலில் இயந்திரம் இறங்கிவிட்டது. பெண்கள் ஓடினார்கள். பாதி பின்னிய தலையோடு, "ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்" என்று இவளும் ஓடினாள். அத்தனை பேரையும் கைது செய்து வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இப்படிக் கைதாகிறவர்களை ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விடுவார்கள். இது எங்கள் ஊர் வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போடுவார், மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். நாங்கள் கோயிலில் மாலையோடு நிற்கிறோம், நாத்தனாரோ கீழ்வேளூர் மண்டபத்தில் இருக்கிறாள். இனி போராட்டத்துக்கு வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வழக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறேன் என்றாராம் சப்-இன்ஸ்பெக்டர். கல்யாண வீடு என்று அவருக்கும் இரக்கம். "நான் மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா, நான் எழுதுன மனுவ நம்பி வந்த இவங்க என்ன சார் பண்ணுவாங்க?" என்று கேட்டிருக்கிறாள். எங்களுக்கு ஆள் சொல்லி அனுப்பினாள், சித்தப்பா மகளை விட்டு முடிச்சுப் போடச் சொல்லி.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் மேலா, போலீஸ் மேலா, அந்தக் குழாயின் மேலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. "காரை எடுக்கச் சொல்லுங்க" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

மண்டப வாசலில் நின்ற காவலர், மாலையும் கழுத்துமாய் இருவர் இறங்கியதும் பழக்க தோஷத்தில் கும்பிட்டு வழிவிட்டார். உள்ளே மேடையில் எவர் கல்யாணத்துக்கோ கட்டிய தோரணம் வாடிக் கிடந்தது. அதன் கீழே நின்றோம். அவர் ஒரு முடிச்சுப் போட்டார். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து அவள் இரண்டு முடிச்சுப் போட்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். கைதானவர்களுக்கு வந்த எலுமிச்சை சாதப் பொட்டலம்தான் எங்கள் கல்யாணச் சாப்பாடு. எல்லோரும் சிரித்தோம். இன்றும் சொந்தக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவர்கள் சிரிக்கும்போது என்னால் உட்கார முடியாது, எழுந்து போய்விடுவேன். அரசு அலுவலரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக அவள் மேல் வழக்குப் பதிவானது. பாஸ்போர்ட் நின்றுபோனது. நானும் அவரும் சிங்கப்பூர் போனோம். அவள் வாய்தாவுக்கு நடந்தாள், நாற்று விட்டாள், என் மாமியாரைப் பார்த்துக்கொண்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் கேஸ் இருக்கிற பொண்ணா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கடைத்தெருவிலும் அதுவே அவள் பெயர் ஆகிவிட்டது. சிலர் அதை மரியாதையாகவே சொன்னார்கள். இரண்டும் அவளுக்கு ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

குழாய் வேலை ஒருவழியாக நின்றது. பல வருஷம் இழுத்த வழக்கும் போன வருஷம் தள்ளுபடியானது. பாஸ்போர்ட் வந்த கையோடு விட்ட இடத்திலிருந்து படித்து, தேர்வு எழுதி, ஜப்பானில் வேலையும் வாங்கிவிட்டாள். நிலத்தை யார் பார்ப்பது, அம்மாவை யார் பார்ப்பது என்று என் கணவர் போனில் இழுத்தார். "நீதான்ணே. கிளம்பி வா" என்றாள். குரலில் கோபமே இல்லை. நாங்கள் வந்தோம். வயலும் மாமியாரும் இப்போது எங்கள் பொறுப்பு. மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று இன்னும் எங்களுக்குப் பிடிபடவில்லை.

போன வாரம் அங்கிருந்து வீடியோவில் பேசினாள். பின்னால் ஒரு ரயில் நிலையம், ஆட்கள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். வேலை கஷ்டமா, குளிரா, சாப்பாடு எப்படி என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க யாருக்கும் என்னத் தெரியாதுண்ணி" என்றாள். "அவ்வளவு நல்லா இருக்கு."